லிங்க் செய்யும்போது ‘மே கான்ஃப்ளிக்ட் வித் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’, ஓடவிட்டால் விழுகிறது: உதவி தேவை

வெள்ளவத்தை6 — சனி, காலை 8.50

வணக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்தப் புடவைக்கடைக்கு ஸ்டொக் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், சி++ இல். கடையின் பின்னறையில் உள்ள சேர்வர் ஒவ்வொரு பில்லையும் லிப்கர்ல் (வலை வழியே தரவு அனுப்பும் லைப்ரரி) வழியாக வெள்ளவத்தைக் கிளைக்கு அனுப்பும். கிளைச் சேர்வரின் சான்றிதழ் நாங்களே கையொப்பமிட்டது. அதைக் கோப்பாக வைக்காமல் புரோகிராமுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். லிப்கர்ல் ஒரு கோல்பேக் (தன் வேலையின் நடுவே நம் பங்ஷனைக் கூப்பிடும் வசதி) தருகிறது அல்லவா, அதற்குள் ஓபன்எஸ்எஸ்எல் (இணைப்பை மறையாக்கும் லைப்ரரி; அதன் கோப்புகள் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ) பங்ஷன்களைக் கூப்பிட்டுச் சான்றிதழைச் சேர்க்கிறேன். நாலு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

சேர்வரில் இருந்தது உபுண்டு 20.04 (லினக்ஸ் இயங்குதளம்). அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஒரேயடியாக 24.04க்குப் போக முடியாது, நடுவில் 22.04ஐத் தொட்டுத்தான் போக வேண்டும். அதனால் போன கிழமை 22.04க்கு ஏற்றினேன். பழைய எக்ஸிகியூட்டபிள் எந்த முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. வியாழக்கிழமை பில்லில் தள்ளுபடி வரி ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். நாலு வரி மாற்றம்தான். திரும்பக் கொம்பைல் பண்ணியபோது லிங்கர் (புரோகிராமை லைப்ரரிகளோடு இணைக்கும் கருவி) இப்படிச் சொன்னது:

வோர்னிங்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1, நீடட் பை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/லிப்கர்ல்.எஸ்ஓ, மே கான்ஃப்ளிக்ட் வித் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3

அதாவது லிப்கர்ல் கேட்கும் 1.1 பதிப்பு 3ஓடு மோதக்கூடும் என்று. லிப்கிரிப்டோவுக்கும் இதே மாதிரி ஒரு வரி. எச்சரிக்கைதானே, பிழை இல்லையே என்று ஓடவிட்டேன். முதல் பில்லை அனுப்பும் இடத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக இடத்தைத் தொட்டுப் புரோகிராம் விழுவது). நான் மாற்றிய நாலு வரிக்கும் இணைப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இப்போதைக்குப் பழைய எக்ஸிகியூட்டபிளைத் திரும்பப் போட்டிருக்கிறேன். செவ்வாய் போயா (பௌர்ணமி விடுமுறை), கடை பூட்டு. திங்கள் நல்ல கூட்டம் வரும், அதற்குள் தள்ளுபடி வேலை செய்தாக வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

தெகிவளைத்தம்பி — காலை 9.15

அண்ணா, எனக்கும் ஒருமுறை இப்படி வந்தது. 1.1 என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைக் காட்டும் பெயர்) போட்டு அதை லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3க்குக் காட்டிவிடுங்கள். எல்லாம் ஒரே லைப்ரரிக்குப் போய்விடும்.

மருதானை_ரூட் — காலை 9.22

தம்பி, அது வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எல் தன் சிம்பல்கள் (பங்ஷன் பெயர்கள்) ஒவ்வொன்றிலும் பதிப்பு முத்திரை குத்தி வைத்திருக்கிறது. 1.1க்காகக் கட்டிய லைப்ரரி ‘ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0’ என்ற முத்திரையைத் தேடும். 3இல் இருப்பது ‘ஓபன்எஸ்எஸ்எல்_3.0.0’. கோப்பின் பெயரை மாற்றினாலும் உள்ளே முத்திரை மாறாது. புரோகிராம் தொடங்கும்போதே ‘வேர்ஷன் நொட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடும். அது வராமல் எப்படியோ தாண்டினாலும் இரண்டின் உள்ளமைப்பும் வேறு வேறு. எஸ்ஓவுக்குப் பின்னால் வரும் எண் மாறினால் ‘பழையதன் இடத்தில் என்னை வைக்காதே’ என்று அர்த்தம்.

வெள்ளவத்தை, மூன்று விஷயம் பார்த்துப் போடுங்கள். புதிய எக்ஸிகியூட்டபிளுக்கு எல்டிடி (எந்த லைப்ரரிகள் ஏறும் என்று காட்டும் கட்டளை) என்ன காட்டுகிறது? லோக்கல் லிப்பில் இருக்கும் லிப்கர்லுக்கு ரீட்எல்ஃப் -டி (கோப்பின் உள்விவரம் காட்டும் கட்டளை) கொடுத்தால் நீடட் (தேவையான லைப்ரரி) வரிகளில் என்ன இருக்கிறது? அந்த லிப்கர்லை அங்கே வைத்தது யார்?

வெள்ளவத்தை6 — காலை 9.48

வைத்தது நான்தான். 20.04இல் ஆப்ட் (உபுண்டுவின் பொதி நிறுவி) தருவது லிப்கர்ல் 7.68. எனக்கு அதைவிடப் புதியது தேவைப்பட்டதால் 7.74ஐ மூலத்திலிருந்து கட்டி மேக் இன்ஸ்டோல் பண்ணினேன். அப்படியொன்று அங்கே இருப்பதே மறந்துவிட்டது.

எல்டிடியில் லிப்எஸ்எஸ்எல் இரண்டு தரம் வருகிறது, ஒன்று 3, ஒன்று 1.1. லிப்கிரிப்டோவும் அப்படியே. ரீட்எல்ஃப் கொடுத்தால் லிப்கர்லின் நீடட் வரிகளில் 1.1 மட்டும்தான்.

தெகிவளைத்தம்பி — காலை 9.55

சரி அண்ணா, சிம்லிங்க் சொன்னது பிழைதான். ஆனால் இது செய்து பார்க்கலாம்: லிப்கர்ல்4-ஓபன்எஸ்எஸ்எல்-டெவ் பொதியை ஆப்ட்டில் போடுங்கள். உபுண்டு 22.04 தரும் லிப்கர்ல் 7.81, அது ஓபன்எஸ்எஸ்எல் 3ஓடு கட்டியது. இரண்டும் ஒன்றுபட்டுவிடும்.

வெள்ளவத்தை6 — காலை 10.30

தம்பி சொன்னபடி பொதியைப் போட்டுத் திரும்ப லிங்க் பண்ணினேன். எச்சரிக்கை போய்விட்டது! சந்தோஷப்பட்டேன். ஓடவிட்டால் அதே இடத்தில் விழுகிறது. இப்போது புதிதாக ஒரு வரியும் வருகிறது: ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/லிப்கர்ல்.எஸ்ஓ.4: நோ வேர்ஷன் இன்ஃபர்மேஷன் அவைலபிள்’. ஒன்றும் விளங்கவில்லை.

பம்பலப்பிட்டி_அக்கா — காலை 11.05

அந்தப் புதிய வரியிலேயே விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்து வாசியுங்கள். இதே இடத்தில் இரண்டு நாள் நித்திரை இல்லாமல் இருந்தவள் நான்.

லைப்ரரியைத் தேடும் வேலை இரண்டு தரம் நடக்கிறது. ஒருதரம் லிங்கர் தேடுகிறது. மறுதரம் புரோகிராமைத் தொடங்கும்போது லோடர் தேடுகிறது. இரண்டும் வேறு வேறு ஆட்கள், இருவரும் போகும் வழியும் வேறு. உபுண்டுவில் ஜிசிசி (கொம்பைலர்) தன் லிங்கருக்கு /யூஎஸ்ஆர்/லிப் பக்கத்தை முதலில் காட்டும், லோக்கல் லிப் பிறகுதான். லோடருக்கு இது தலைகீழ். அது எல்டிகான்ஃபிக் எழுதிவைத்த பட்டியலைப் பார்க்கிறது. அந்தப் பட்டியலுக்கான அமைப்புக் கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. லோக்கல் லிப் இருப்பது லிப்சி.கான்ஃபில், மற்றது இருப்பது எக்ஸ்86 என்று தொடங்கும் கோப்பில். எல் முன்னே வரும், எக்ஸ் பின்னே வரும். அதனால் ஒரே பெயரில் இரண்டு லிப்கர்ல் இருந்தால் லோடர் உங்கள் பழைய 7.74ஐத்தான் எடுக்கும்.

காலையில் டெவ் பொதி இல்லை. லிங்கருக்குக் கிடைத்ததே லோக்கல் லிப்பில் இருந்த பிரதிதான், அதனால் அது மோதலைக் கண்டு உங்களுக்குச் சொன்னது. பொதியைப் போட்டதும் லிங்கர் புதிய பிரதியைப் பார்த்துத் திருப்திப்பட்டது. லோடர் இன்னும் பழையதையே எடுக்கிறது. உபுண்டுவின் லிப்கர்லில் ‘கர்ல்_ஓபன்எஸ்எஸ்எல்_4’ என்ற முத்திரை இருக்கிறது, நீங்கள் கையால் கட்டியதில் அந்த முத்திரை இல்லை. ‘நோ வேர்ஷன் இன்ஃபர்மேஷன்’ என்பது அதைத்தான் சொல்கிறது. லிங்க் பண்ணியது ஒன்றோடு, ஓடுவது இன்னொன்றோடு.

ஏன் விழுகிறது என்பதுதான் முக்கியமான இடம். ஒரே புரோசஸில் இரண்டு ஓபன்எஸ்எஸ்எல் இருப்பது மட்டும் உங்கள் புரோகிராமை விழுத்தவில்லை. மருதானை அண்ணர் சொன்ன முத்திரைகள் இருப்பதால் ஒவ்வொருவரும் தத்தம் பதிப்பின் பங்ஷனையே கூப்பிடுகிறார்கள். பல புரோகிராம்கள் அப்படி வருடக்கணக்கில் ஓடுகின்றன. உங்கள் கோல்பேக்கில்தான் ஒரு பொருள் எல்லை தாண்டுகிறது. லிப்கர்ல் 1.1ஐக் கொண்டு ஓர் எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்டை உருவாக்கி, அதன் முகவரியை உங்கள் கையில் தருகிறது. நீங்கள் அதை 3இன் பங்ஷனிடம் கொடுத்து ‘சான்றிதழ்ப் பெட்டி எங்கே’ என்று கேட்கிறீர்கள். 3 தன் வரைபடத்தை வைத்துக்கொண்டு 1.1 கட்டிய வீட்டுக்குள் அறை தேடுகிறது. கைக்கு அகப்படுவது வேறு எதுவோ. அதற்குள் சான்றிதழைப் போடப் போனதும் செக்மென்டேஷன் ஃபால்ட்.

பழைய எக்ஸிகியூட்டபிள் ஏன் ஓடியது என்பதும் இதே கணக்குத்தான். அது 20.04இல் கட்டியது, அதுவும் 1.1, லிப்கர்லும் 1.1. தரமுயர்த்தும்போது பழைய லிப்எஸ்எஸ்எல்1.1 பொதி நீங்காமல் தங்கியிருக்கும். உங்கள் நாலு வரியில் பிழை இல்லை. திரும்பக் கட்டியதுதான் ஒரு பக்கத்தை மட்டும் 3க்கு நகர்த்தியது.

என் ஊகம் சரியா என்று பார்க்க, ஜிடிபியில் (பிழை தேடும் கருவி) ஓடவிட்டு விழுந்ததும் பேக்டிரேஸ் (எந்தப் பங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) எடுங்கள். மேலே லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3, அதன் கீழே உங்கள் கோல்பேக், அதன் கீழே லோக்கல் லிப்பின் லிப்கர்ல் என்று அடுக்கியிருக்கும்.

வெள்ளவத்தை6 — காலை 11.32

அக்கா, வரிசை மாறாமல் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. மேலே எக்ஸ்509 ஸ்டோர் ஆட் சேர்ட் (சான்றிதழைச் சேர்க்கும் பங்ஷன்). மூன்று நாளாக என் நாலு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இனி என்ன செய்ய? 3ஐ விட்டு எல்லாவற்றையும் 1.1க்கே திருப்பிக் கட்டிவிடலாமா? திங்களுக்குள் முடிய வேண்டும்.

மருதானை_ரூட் — காலை 11.50

1.1.1க்கான ஆதரவு 2023 செப்டம்பர் 11ஓடு முடிந்துவிட்டது. கடையின் பில்லெல்லாம் அதன் வழியாகப் போகிறது, பின்னுக்குப் போகாதீர்கள். கையால் கட்டிய லிப்கர்லை எடுப்பதே சரி. பழைய மூலக் கோப்புறை அப்படியே இருந்தால் அதற்குள் போய் மேக் அன்இன்ஸ்டோல். இல்லாவிட்டால் கையால் எடுக்க வேண்டும். லோக்கல் லிப்பில் லிப்கர்ல் என்று தொடங்குபவை, பிகேஜிகான்ஃபிக்கில் லிப்கர்ல்.பிசி, லோக்கல் பின்னில் கர்லும் கர்ல்-கான்ஃபிக்கும், அப்புறம் லோக்கல் இன்க்ளூடில் கர்ல் கோப்புறை. கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள். ஹெடர் (பங்ஷன் அறிவிப்புக் கோப்பு) தேடும்போது ஜிசிசி லோக்கல் இன்க்ளூடைத்தான் முதலில் பார்க்கும். அதை விட்டுவைத்தால் 7.74இன் ஹெடரோடு கொம்பைல் பண்ணி 7.81ஓடு லிங்க் பண்ணுவீர்கள்.

ஒரேயடியாக அழிக்காமல் ரூட்டின் வீட்டுக் கோப்புறைக்கு நகர்த்துங்கள். எக்ஸிகியூட்டபிளின் பழைய பிரதியையும் பத்திரமாக வையுங்கள். பிறகு எல்டிகான்ஃபிக், மேக் கிளீன், முழுவதையும் திரும்பக் கட்டுதல். பழைய .ஓ கோப்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

பம்பலப்பிட்டி_அக்கா — பகல் 12.10

அதோடு இன்னொன்று. அந்தக் கோல்பேக்கே உங்களுக்கு இனித் தேவையில்லை. 7.77 முதல் ‘கர்லொப்ட் சிஏஇன்ஃபோ பிளொப்’ என்று ஓர் ஒப்ஷன் இருக்கிறது. நினைவகத்தில் உள்ள சான்றிதழை நேரே லிப்கர்லிடம் கொடுக்கலாம், எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்டை நீங்கள் தொடவே வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எல்லை வேறு எதற்கும் பாவிக்கவில்லை என்றால் லிங்க் வரியிலிருந்து அந்த இரண்டு பெயரையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் எந்தப் பதிப்பு, லிப்கர்ல் எந்தப் பதிப்பு என்ற கேள்வியே பிறகு எழாது. 24.04க்குப் போகும்போதும் நிம்மதி.

ஒரு கவனம்: அந்த ஒப்ஷனைக் கொடுத்தால் சிஸ்டத்தின் சான்றிதழ்த் தொகுப்புக் கோப்பின் இடத்தை நீங்கள் கொடுத்தது பிடித்துக்கொள்ளும். கிளைச் சேர்வருக்கு அது நல்லதே. அதே ஹேண்டிலால் வெளியே வேறு தளங்களுக்குப் போனால் உதைக்கலாம்.

வெள்ளவத்தை6 — மாலை 4.40

கோல்பேக்கை எடுத்துவிட்டேன், முப்பது வரி குறைந்தது. டெர்மினலில் ஓடவிட்டால் பில் போகிறது! எல்டிடியில் 1.1 இல்லை. ஆனால் சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நடத்தும் புரோகிராம்) சேவையாகத் தொடங்கினால் போகவில்லை. விழவில்லை, பிழை எண் 48 என்று லொக்கில் இருக்கிறது. அதற்கு மேலே மறுபடியும் ‘நோ வேர்ஷன் இன்ஃபர்மேஷன்’. நான்தான் அந்தக் கோப்பை எடுத்துவிட்டேனே?

மருதானை_ரூட் — மாலை 4.52

48 என்றால் லிப்கர்லுக்குத் தெரியாத ஒப்ஷன். அதாவது அங்கே 7.77க்கு முந்திய லிப்கர்ல் ஒன்று இன்னும் ஓடுகிறது. சேவைக்கு டெர்மினலின் சூழல் வராது, அதன் சூழல் தனி. யூனிட் கோப்பை (சேவையின் அமைப்புக் கோப்பு) திறந்து என்விரொன்மென்ட் வரி இருக்கிறதா பாருங்கள். அந்த லொக் வரியில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் சேவை ஓடும்போதே /புரொக் கோப்புறையில் அதன் புரோசஸ் எண்ணுக்குள் மேப்ஸ் கோப்பை வாசியுங்கள். எல்டிடி சொல்வது இந்தச் சூழலில் தொடங்கினால் எது வரும் என்பது. மேப்ஸ் சொல்வது உண்மையில் எது வந்திருக்கிறது என்பது.

வெள்ளவத்தை6 — மாலை 5.20

கண்டுபிடித்துவிட்டேன். யூனிட் கோப்பில் எல்டி லைப்ரரி பாத் (லோடர் தேடும் இடத்தைச் சொல்லும் சூழல் மாறி) /ஒப்ட்டுக்குள் ஒரு லிப் கோப்புறையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே அதே 7.74இன் பிரதி. முதல் தரம் பொருத்தியபோது எதையோ சரிக்கட்ட நானே வைத்திருக்க வேண்டும். எல்டிகான்ஃபிக் பட்டியலுக்கு முன்னாலேயே லோடர் அதைப் பார்த்துவிடுகிறது, இல்லையா?

பம்பலப்பிட்டி_அக்கா — மாலை 5.31

ஓம், அதற்குத்தான் முன்னுரிமை. அந்த வரியை எடுத்து, டீமன்-ரீலோட் கொடுத்து, சேவையைத் திரும்பத் தொடங்குங்கள். வேறு லைப்ரரி ஏதும் அந்தக் கோப்புறையை நம்பியிருந்தால், சூழல் மாறி வேண்டாம், லிங்க் பண்ணும்போது ரன்பாத் (லைப்ரரி தேடும் பாதையை எக்ஸிகியூட்டபிளுக்குள்ளேயே எழுதுவது) வையுங்கள். அது அந்த ஒரு எக்ஸிகியூட்டபிளோடு மட்டும் நிற்கும், மற்றப் புரோகிராம்களைத் தொடாது.

தெகிவளைத்தம்பி — இரவு 7.05

அக்கா, ஒரு கேள்வி. லிப்எஸ்எஸ்எல்1.1 பொதியை முதலிலேயே நீக்கியிருந்தால் இவ்வளவு தேட வேண்டியிருந்திருக்காதே?

பம்பலப்பிட்டி_அக்கா — இரவு 7.20

நல்ல கேள்வி தம்பி. நீக்கியிருந்தால் பழைய எக்ஸிகியூட்டபிளும் அன்றைக்கே நின்றிருக்கும், வியாழன் பின்னேரம் கடையில் பில் போடவே முடிந்திருக்காது. ஆனால் இப்போது நீக்கலாம், நீக்கத்தான் வேண்டும். ஆப்ட்டிடம் முதலில் ஒத்திகையாகக் கேளுங்கள், கூடவே எது போகிறது என்று காட்டும். கையால் வைத்தவற்றை ஆப்ட் அறியாது. /ஒப்ட்டிலும் லோக்கலிலும் உள்ள எஸ்ஓ கோப்புகளை ரீட்எல்ஃப்பால் ஒருதரம் துழாவி, 1.1 என்று நீடட் உள்ளது எதுவும் மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகு நீக்குங்கள்.

வெள்ளவத்தை6 — திங்கள், காலை 9.40

துழாவியதில் /ஒப்ட்டில் இன்னொரு பழைய லிப்கர்ல் அகப்பட்டது, யாரும் பாவிக்காதது. அதையும் நகர்த்திவிட்டு லிப்எஸ்எஸ்எல்1.1ஐ நேற்று இரவு நீக்கினேன். இன்று கடை திறந்து முதல் பில் 9.12க்குக் கிளைக்குப் போனது, தள்ளுபடி வரியோடு. மேப்ஸில் லிப்எஸ்எஸ்எல் 3 மட்டும்தான். அக்காவுக்கும் மருதானை அண்ணருக்கும் தம்பிக்கும் மிக்க நன்றி. யூனிட் கோப்பையும் கட்டும் படிகளையும் கிட்டில் (மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) போட்டுவிட்டேன், 24.04க்கு ஏற்றும்போது இந்த இழையைத் திரும்ப வாசித்துவிட்டுத்தான் தொடங்குவேன்.