கார்ப்பரேஷன் பார்க்கும் அஞ்சு வயசுக்கு உட்பட்ட வாண்டுகளும்

சென்னையில் செம்மொழிப் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் டிக்கெட் உண்டு. லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா மாதிரி இடங்களில் காசே கிடையாது. ஆனால் மதியத்தில் பூட்டிவிடும் பூங்காக்கள் நிறைய. கேட்டில் எழுதியிருக்கும் நேரத்தை ஒருமுறை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் கேட் திறந்ததுமே சறுக்குமரத்துக்கு ஓட விடாதீர்கள். மேற்கு வெயில் நேராக அதன் மேல்தான் விழுந்திருக்கும். புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள், பொறுக்க முடியவில்லை என்றால் இன்னும் அரை மணி நேரம் போகட்டும். தகடு மட்டும்தான் சுடும் என்பதில்லை. பைபரும் சுடும், கறுப்பு ரப்பர் தரையும் சுடும்.

* * *

அதே சறுக்குமரத்துல இன்னொண்ணு. பயப்படுற குழந்தையை மடியில வச்சுக்கிட்டு பெரியவங்க சறுக்குறது பாசமாத்தான் தெரியும், ஆனா கால் முறியுறதே அப்படித்தான். குழந்தை தனியா வரும்போது கால் ஓரத்துல மாட்டினா 12 கிலோ உடம்பு அங்கேயே நின்னுடும். மடியில இருந்தா பின்னாடி 60 கிலோ இறங்கிக்கிட்டே இருக்கும். ஷூவோட ரப்பர் அடி பக்கச் சுவரைப் பிடிச்சுக்கும், பாதம் நிக்கும், உடம்பு போகும், முழங்காலுக்குக் கீழ எலும்பு முறுக்கி விரிசல் விடும். வீக்கம் பெருசா இருக்காது. குழந்தை அந்தக் காலை ஊன மாட்டேங்கும், அவ்வளவுதான் அடையாளம். சுளுக்குன்னு எண்ணெய் போட்டு உருவாம எக்ஸ்ரேவுக்குப் போங்க.

பயந்த பிள்ளைக்கு வழி: ஏணி பக்கமே போக வேணாம். கீழேயிருந்து ரெண்டடி உயரத்துல சறுக்குல உட்கார வச்சு, நீங்க பக்கத்துல தரையில நின்னுக்கிட்டு, அக்குளைப் பிடிச்சு இறக்குங்க. கொஞ்சம் கொஞ்சமா உயரத்தைக் கூட்டுங்க.

* * *

மேலே சொன்னதோடு, கிளம்புறதுக்கு முன்னாடி கழுத்துச் சங்கிலி, துப்பட்டா, தொப்பி வச்ச சட்டையோட நாடா எல்லாத்தையும் கழட்டிடுங்க. சறுக்கு உச்சியில கைப்பிடிக் கம்பியில மாட்டினா கழுத்து இறுகிடும். முத்து வச்ச கொலுசு ஊஞ்சல் சங்கிலியில சிக்கும்.

ஊஞ்சல்ல ஏத்துறதுக்கு முன்னாடி மேல பாருங்க. சங்கிலியைத் தாங்குற 'எஸ்' கொக்கியோட வாய் ஒரு காசு நுழையுற அளவு திறந்திருந்தா அதுல உட்கார வைக்காதீங்க, ஆட்டத்துல சட்டுனு கழண்டுக்கும். அப்புறம் கீழே பாருங்க. மணல் 9 அங்குலமாவது இருக்கணும். ஒரு குச்சியைச் செருகினா நாலு விரல் ஆழத்துலயே 'டக்'னு நிக்குதா, அடியில இறுகின தரைதான். பிள்ளைங்க கால் தேய்ச்சுத் தேய்ச்சு ஊஞ்சலுக்கு நேர் கீழேதான் மணல் ஒதுங்கிப் போகும். விழுறதும் அங்கேதான். செருப்புக் காலாலயே சுத்தியிருக்கிற மணலை இழுத்து நிரப்பிடலாம், ரெண்டு நிமிஷ வேலை.

* * *

ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும்விட, பக்கத்தில் இருக்கும் ஓப்பன் ஜிம்முக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அது பெரியவர்களுக்கானது, பிள்ளைகளுக்கோ அதுதான் ராட்டினம்! கம்பிகள் சேரும் மூட்டில் சின்ன விரல் போனால் நசுங்கும். இன்னொருவர் மிதித்துக்கொண்டிருக்கும்போது எதிரே ஓடினால் நெற்றியில் அடி.

மணலில் நாய், பூனை அசுத்தம் செய்திருக்கும். கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாகவே உள்ளே போகும், அதனால் மணலில் செருப்பு வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நக இடுக்கு உட்பட. சானிடைசர் தடவினால் புழு முட்டை சாகாது. டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகம், பூங்கா நேரமும் அதுவே. மழைக்காலத்தில் முழு பேன்ட் போடுங்கள். பாதி புதைத்த டயருக்குள் தண்ணீர் நின்றால் காவலாளியிடம் சொல்லிக் கொட்டச் செய்யுங்கள்.

உடைந்த சாமானுக்கு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம். 'ஊஞ்சல் சரியில்லை' என்றால் எதுவென்று தெரியாமல் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பூங்கா பெயர், தெரு, கேட்டிலிருந்து எத்தனையாவது ஊஞ்சல், இடது சங்கிலியா வலதா என்று சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்யும்வரை அந்தச் சங்கிலியை மேல்கம்பியில் சுற்றிவிட்டு வந்தால் அடுத்த பிள்ளை ஏறாது.