மறு: இன்வெர்ட் சுகருக்கு என்ன சொல்லலாம்?

ஐயா வணக்கம்,

நம்ம கலைச்சொல் பட்டியல்ல இன்வெர்ட் சுகருக்கு நேரா 'பழச்சர்க்கரை'ன்னு போட்டுருக்கீங்க, அது ஒத்துவராது. பழச்சர்க்கரைன்னா பிரக்டோஸ் மட்டும்தான். சீனிப்பாகுல அமிலமோ இன்வர்டேஸ்ங்கற நொதியோ (என்சைம்) சேத்தா சுக்ரோஸ், அதாவது சாதாரண சீனி, உடைஞ்சு குளுக்கோஸும் பிரக்டோஸும் சரிபாதியா கலந்து நிக்கும், அந்தக் கலவைக்குத்தான் இன்வெர்ட் சுகர்னு பேரு, மிட்டாய்க்காரங்க பாகு கல்லுகட்டாம இருக்க ஊத்துறதும் இதையேதான்.

இன்னொருத்தர் 'தலைகீழ்ச் சர்க்கரை'ங்கறாரு. எது தலைகீழாச்சு? மூலக்கூறு ஒண்ணும் கவுந்துடல. போலாரிமீட்டர்ல (ஒரே தளத்துல அதிர்ற ஒளி கரைசல்ல எவ்வளவு திரும்புதுன்னு அளக்குற கருவி) பாத்தா சுக்ரோஸ் ஒளியோட தளத்தை வலப்பக்கம் திருப்பும், அந்தத் திருப்பத்தோட அளவு (ஸ்பெசிஃபிக் ரொட்டேஷன்) +66.5 டிகிரி. உடைஞ்சப்புறம் குளுக்கோஸ் +52.7னு வலப்பக்கம் இழுக்க பிரக்டோஸ் −92 அளவுக்கு இடப்பக்கம் இழுக்க மொத்தத்துல −20 கிட்ட வந்து நிக்குது. ஆக மாறுனது சுழி, அதாவது ஒளி திரும்புற பக்கம். வலஞ்சுழி இடஞ்சுழி ஏற்கனவே புழங்குற சொல்லு, கும்பகோணம் பக்கம் திருவலஞ்சுழின்னு ஊரே இருக்கு. அதனால என் ஓட்டு 'சுழிமாறு சர்க்கரை'க்கு, வினைக்கு 'சுழிமாற்றம்'. 'புரட்டுச் சர்க்கரை' மட்டும் வேணாங்க, ஏதோ கலப்படக் கேஸு மாதிரி இருக்கு.

---

தம்பி,

சுழிமாறு நல்லாருக்கு, எடுத்துக்கலாம். ஆனா பிரக்டோஸ் தயாரிக்கிற ஆலையில அதோட வேலை முடியல. 342 கிலோ சீனி 18 கிலோ தண்ணியை இழுத்துக்கிட்டு 180 கிலோ குளுக்கோஸ், 180 கிலோ பிரக்டோஸ்னு ஆகும், கணக்குல எடை கூடத்தான் செய்யும். அமிலத்துல சூடு ஓவரானா பிரக்டோஸ் கெட்டு பாகு பழுப்பாயிடும், அதான் நொதி பக்கம் போறாங்க.

அப்புறம் ரெண்டையும் பிரிக்கணுமே. கால்சியம் ஏத்துன ரெசின் (பிசின் மணிகள்) நிரம்புன காலம்ல (தூண் மாதிரி நிக்குற குழாய்) பாகை விட்டு பின்னாடியே சுடுதண்ணி விடுவாங்க, பிரக்டோஸ் கால்சியத்தை லேசா ஒட்டிக்கிட்டு தயங்கித் தயங்கி வரும், குளுக்கோஸ் முந்திக்கிட்டு வெளிய ஓடிடும். பெரிய ஆலையில இதையே சிமுலேட்டட் மூவிங் பெட்ங்கற முறையில, ரெசின் படுகையே நகர்ற மாதிரி பாவனை பண்ணி, செய்வாங்க. பேரு அப்படியே ஒழிய ரெசின் ஒரு இஞ்ச் கூட நகராது, உள்ள விடுற வாயையும் வெளிய எடுக்குற வாயையும் வால்வு வச்சு காலம் காலமா மாத்திக்கிட்டே போவாங்க (காலம்னா தூண் சார், யுகம் இல்ல). இதுக்கு 'போலி நகர்படுகை'ன்னு யாரோ எழுதிருந்தாங்க, போலின்னா கள்ளச்சரக்கு வாடை அடிக்குது, 'பாவனை நகர்படுகை'ன்னு வச்சா வேலையும் புரியும்.

கடைசில பிரக்டோஸை படிகமாக்குறதுதான் பெரும்பாடு, தண்ணில அவ்வளவு கரையும், விதைப்படிகம் (ஏற்கனவே உருவான குட்டிப் படிகம்) போட்டு மெதுவ்வ்வா குளிர வைக்கணும். 'விதைப்படிகம்'ல யாருக்கும் ஆட்சேபணை இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

சுழிமாறு சர்க்கரை, சுழிமாற்றம், பாவனை நகர்படுகை மூணையும் ஏத்திடுங்க. இன்வர்டேஸுக்கு 'சுழிமாற்று நொதி'யா 'சுழிமாற்று நொதிய'மா? இலங்கைப் பக்கம் நொதியம்னுதான் எழுதுவாங்க, அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும்.