பைன் கிரீக்: பாலைவனத்துக்குள் ஒரு நாள் நீச்சல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலம் என்றதும் செம்பாறையும் வெயிலும் நாக்கை வறட்டும் காற்றும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். சயான் தேசியப் பூங்காவின் கிழக்குப் பக்கத்தில் பைன் கிரீக் இடுக்குக்குள் இறங்கி வந்த எனக்கு நினைவில் நிற்பதோ பல் தந்தியடித்த குளிர். அதுவும் ஜூன் மாதத்தில்.

கேன்யனியரிங் தெரியாதவர்களுக்கு: இது மலையேற்றத்தைத் தலைகீழாகச் செய்வது. மேலே தொடங்கி, தண்ணீர் அறுத்த இடுக்கு வழியாகக் கீழே வர வேண்டும். செங்குத்தான இடங்களில் கயிற்றில் இறங்கி, எல்லாரும் வந்ததும் கயிற்றைக் கீழிருந்தே உருவி எடுத்துக்கொண்டு அடுத்த இறக்கத்துக்கு நடக்க வேண்டும். உருவிவிட்டால் திரும்ப ஏற வழி கிடையாது. கடைசி வரை போய்த்தான் வெளியேற முடியும்.

நாங்கள் நான்கு பேர். நான், கல்லூரித் தோழன், அவன் மனைவி, அப்புறம் பல வருடமாகப் பாறை ஏறும் அலுவலகத் தோழி ஒருவர். அவரை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முடிச்சு போடவும், கயிற்றோடு உடலைப் பிணைக்கும் இடுப்புப் பட்டையான ஹார்னஸ் மாட்டவும் கயிற்றில் இறங்கவும் மாதக்கணக்கில் பழக்கிவிட்ட பிறகே கூட்டிக்கொண்டு போக ஒப்புக்கொண்டார்.

சயானில் கயிறு தேவைப்படும் எந்த இடுக்குக்கும் பெர்மிட் வாங்க வேண்டும். அன்றைக்குத் திடீர் வெள்ளத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை நான்கு நிலைகளாகப் பிரித்து அறிவிக்கிறார்கள். எங்கள் நாளில் இருந்தது மிகக் குறைந்த நிலை. அதற்காகத்தான் ஜூனைத் தேர்ந்தெடுத்தோம். ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை அங்கே பருவமழைக் காலம். அந்த வழுக்குப் பாறை மழையைக் குடிப்பதில்லை, விழுந்த நீரை அப்படியே பள்ளத்தில் தள்ளிவிடும். தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே, எங்கோ தள்ளிப் பெய்த மழை இடுக்குக்குள் வந்து சேரலாம். பைன் கிரீக்குக்குப் போகும் இதே சாலையில் கிழக்கே சற்றுத் தொலைவில் இருக்கும் கீஹோல் இடுக்கில் 2015 செப்டம்பர் 14 அன்று அப்படி வந்த வெள்ளத்தில் ஏழு பேர் கொண்ட குழு மொத்தமும் இறந்துபோனது. வண்டியை நிறுத்திய இடத்திலேயே அக்கா இதைச் சொல்லிவிட்டார். இறங்கிய பிறகு யோசிக்க நேரம் இருக்காதாம்.

ஒரு காரை மலைச்சாலையின் கீழ் வளைவில் விட்டுவிட்டு, இன்னொன்றில் அந்தச் சாலையின் சுரங்கப்பாதையைக் கடந்து அதன் கிழக்கு முனைக்குப் போனோம். சுரங்கத்துக்குள் நடந்து போக அனுமதி இல்லை என்பதால் இந்த இரண்டு கார் ஏற்பாடு. மேலே இருக்கும் வாகன நிறுத்தம் மிகச் சின்னது, காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கே வெட்சூட், அதாவது குளிர்ந்த தண்ணீரில் உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை, மாட்டுவது ஒரு தனிக் கொடுமை. "இந்த வெயில்ல இதைப் போட்டா அவிஞ்சு போயிடுவேன்க்கா" என்று தோழன் முரண்டு பிடித்தான். மதுரைப் பக்கம் ஊர்க் கிணற்றில் குதித்து வளர்ந்தவன், தண்ணீர் அவனுக்குப் பெரிய விஷயமில்லை. அக்கா பதில் பேசாமல் அவன் கையில் வெட்சூட்டைத் திணித்தார். முதல் குட்டையில் கழுத்து வரை இறங்கியதும் அவனுக்குப் பேச்சே வரவில்லை. சுவர்கள் நெருங்கி நிற்பதால் அந்தத் தண்ணீரில் வெயில் படுவதே இல்லை. இரண்டு கைகளையும் விரித்தால் இரு பக்கமும் பாறை தட்டும் இடங்கள் உண்டு. கோடையில் புது நீர் வராமல் தேங்கிக் கிடந்ததால் குச்சியும் சருகும் மிதந்தன, நாற்றமும் இருந்தது. இணையத்தில் வரும் படங்களில் நாற்றம் தெரியாது.

கதீட்ரல் (பேராலயம்) என்று இங்கே இறங்குகிறவர்கள் பெயர் வைத்திருக்கும் அறையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மேலிருந்து வெளிச்சம் இறங்கிப் பாறை முழுக்க ஆரஞ்சு நிறமாகிறது, அழகுதான். ஆனால் என் கண் போனது வேறு இடத்துக்கு. எங்கள் தலைக்கு வெகு உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் இடையே ஒரு பெரிய மரத்தடி குறுக்கே இறுகிக் கிடந்தது. யாரும் கொண்டுபோய் வைத்ததில்லை. ஏதோ ஒரு வெள்ளம் அந்த உயரத்தில் ஓடியிருக்கிறது.

அதற்கு அடுத்த இறக்கத்தில்தான் கயிறு சிக்கியது. நால்வரும் கீழே இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறோம், இழுத்தால் கொஞ்சம் வருகிறது, அப்புறம் அசையவே இல்லை. இது நவாஹோ மணற்கல், ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகி உண்டான பாறை. பார்க்க இரும்பு மாதிரி இருந்தாலும், பல வருடமாகக் கயிறு உரசி உரசி விளிம்பில் ஆழமான தடங்கள் விழுந்திருக்கின்றன. முடிச்சு அப்படி ஒரு தடத்தில் மாட்டிக்கொண்டது. பலம் கொண்ட மட்டும் இழுக்கலாம் என்று தோழன் போனான். "இழுக்காதே, இன்னும் இறுகிடும்" என்று அக்கா தடுத்தார். கயிற்றைத் தளர்த்தி, அலை போகிற மாதிரி மேல்நோக்கிச் சுண்டினார். வரவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து, கோணத்தை மாற்றி மறுபடி சுண்டினார். எனக்குக் கை விரல்கள் மரத்துப்போய், கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான கேரபினரைத் திறக்க முடியுமா என்று சந்தேகம் வந்தபோது கயிறு தொப்பென்று தண்ணீரில் வந்து விழுந்தது. முழுதாகப் பத்து நிமிடம்கூட இருக்காது. அந்த நாளில் நான் உண்மையாகப் பயந்தது அப்போதுதான்.

கடைசி இறக்கம் சுமார் 30 மீட்டர். அதில் பெரும்பகுதி அந்தரம், காலுக்குப் பாறையே கிடைக்காது. தோழனின் மனைவி முதலில் போக விரும்பினார். ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்கிய கூந்தலை உள்ளே செருகச் சொல்லிவிட்டுத்தான் அக்கா விட்டார், இறங்கும் கருவியில் முடி மாட்டினால் பாதிக் கயிற்றில் நிற்க வேண்டியதுதான். தோழனின் மனைவி கீழே போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டார். மேலே இருப்பவர் பிடி நழுவினாலும் கீழிருப்பவர் கயிற்றை இழுத்தால் இறக்கம் நின்றுவிடும். நான் மெதுவாகச் சுழன்றுகொண்டே இறங்கினேன். அடியில் ஊற்று கசியும் சுவரில் பச்சைப் பெரணிகள், எங்கேயோ ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். ஆடு இல்லை, பாறைத் தவளையாம்.

முடிந்தது என்று நினைத்தால், அதற்குப் பிறகு பெரிய பெரிய பாறைகளில் ஏறி இறங்கிச் சாலைக்கு வர வேண்டும். நனைந்த பையோடு, வெயிலில், முழங்கால் கெஞ்சும். யாரும் இதைச் சொல்லி எச்சரிப்பதில்லை. அண்ணாந்து பார்த்தால் மலைச்சுவரில் சன்னல்கள் தெரிகின்றன. 1930-ல் திறந்த அந்தச் சுரங்கப்பாதையின் சன்னல்கள் அவை. குடையும்போது வந்த கல்லை அவற்றின் வழியாக இந்தப் பள்ளத்தில்தான் கொட்டியிருக்கிறார்கள்.

நீச்சல் தெரியாதவர் போகலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். கால் எட்டாத குட்டைகள் இருக்கின்றன, தண்ணீரின் அளவு ஒவ்வொரு மழைக்கும் மாறும். லைஃப் ஜாக்கெட்டோடு போகிறவர்கள் உண்டு. ஆனால் குழுவில் ஒருவராவது சிக்கிய கயிற்றை விடுவிக்கத் தெரிந்தவராக இல்லையென்றால், நீச்சல் தெரிந்தவர்களும் போக வேண்டாம். வெட்சூட்டைப் பூங்காவை ஒட்டிய ஊரான ஸ்பிரிங்டேலில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.