ஃபிரிஸ்கோவிலும் கரிசல்தான்

டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் வீட்டு விலை, பள்ளிக்கூடம், டோல் ரோடு பற்றியெல்லாம் கேட்கிறார்கள். இந்த ஊரில் நமக்கு முன்பு யார் இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அது தெரிய வந்ததே ஒரு மழையால்தான்.

2007-ல் வந்தோம். முதல் நான்கு வருடம் பிளேனோவில் வாடகை வீடு. 2011-ல் ஃபிரிஸ்கோவில் மனை பார்க்கப் போனோம். முந்தின நாள் மழை. காரை விட்டு இறங்கிப் பத்தடி நடந்ததும் செருப்பு கனத்தது. குனிந்து பார்த்தால் கன்னங்கரேலென்று மண் அப்பியிருக்கிறது, குச்சியால் வழித்தாலும் போகவில்லை. என் கணவர் தஞ்சாவூர்ப் பக்கம், அவருக்கு எரிச்சலாக வந்தது. நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவள். மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்கு நடப்போம். அந்த மண்ணை எனக்குக் காலே சொல்லிவிட்டது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வடக்கே ரெட் ஆற்றுப் பக்கம் தொடங்கித் தெற்கே சான் அன்டோனியோ வரை நீளமாக ஓடும் கரும்புல்வெளி இது. நம் கரிசலும் இதுவும் ஒரே இனத்து மண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். விளைந்ததும் அதேதான்: பருத்தி. பக்கத்து ஊரான மெக்கின்னியில் பழைய பருத்தி ஆலை இன்றும் நிற்கிறது, இப்போது அதில் கல்யாணங்கள் நடக்கின்றன. ஆதியில் இருந்த புல்வெளியில் நூற்றில் ஒரு பங்குகூட இன்று மிச்சமில்லை. முதலில் ஏர் உழுதது, அப்புறம் கான்கிரீட் மூடியது.

ஃபிரிஸ்கோ என்பது ஒரு ரயில் கம்பெனியின் பெயர். 1902-ல் செயின்ட் லூயிஸ்–சான் பிரான்சிஸ்கோ ரயில் பாதை வந்தபோது பிறந்த ஊர். அதற்கு முன்பு பக்கத்தில் லெபனான் என்று ஒரு கிராமம் இருந்தது. ரயில் இங்கே நின்றதால் அந்த ஊர்க்காரர்கள் சிலர் வீட்டையே பெயர்த்து, மரக்கட்டைகள் மேல் வைத்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்களாம். இப்போது லெபனான் என்பது ஒரு சாலையின் பெயர். நாம் தினம் நெரிசலில் நிற்கிற பிரெஸ்டன் ரோடும் ஒரு காலத்தில் மாடுகளை வடக்கே ஓட்டிப் போன தடம்தான்.

1990-ல் இங்கே ஆறாயிரம் சொச்சம் பேர். 2000-ல் 33,714. 2010-ல் 1,16,989. 2020-ல் 2,00,509. அந்தக் கடைசிக் கணக்கில் நாங்களும் மூன்று பேர். அந்த 2020 கணக்கில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஆசியர், அதில் பெரும்பகுதி இந்தியர். நாங்கள் வந்த புதிதில் புளியும் நல்லெண்ணெயும் வாங்க ரிச்சர்ட்சனுக்கோ இர்விங்குக்கோ போய்வர ஒரு சனிக்கிழமை முழுதாகச் செலவாகும். இன்று என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் முருங்கைக்காய் கிடைக்கிறது.

இந்த ஊரில் நமக்கு முன்பே இருந்த ஒரு பெரியவரைச் சந்தித்தது 2012-ல். என் பிரசவத்துக்காக அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். சாயங்காலம் பழைய ஊர்ப் பக்கம், ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் நடக்கக் கூட்டிப்போவேன். ஒரு மரவீட்டு முன்னால் ஒரு மரத்தடியில் பச்சைப் பசேலென்று முண்டும் முடிச்சுமாய்க் காய்கள் கிடந்தன. அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஏட்டி, இது பலாப்பிஞ்சு மாதிரில்லா இருக்கு" என்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவரோ அந்தக் காயைத் தின்ன முடியாது, ஆனால் அந்த மரத்தின் மேல்தான் தன் வீடு நிற்கிறது என்று சொல்ல வந்திருந்தார்.

அந்த மரத்தை இங்கே போடார்க் என்கிறார்கள். அம்மா சொன்னது பிசகவில்லை, தாவரக் கணக்கில் அது பலாவுக்குச் சொந்தம்தான். வைரம் பாய்ந்த கட்டை, மண்ணுக்குள் எத்தனை வருடம் கிடந்தாலும் மக்காது. கரிசல் உப்பி அடங்கும்போது வீடு விரிசல் விடாமலிருக்க, அந்தக் கட்டைகளை ஊன்றி அதன் மேல் வீட்டைத் தூக்கி வைப்பார்கள். மண் அசைந்தால் கட்டைக்கு மேல் ஆப்பு வைத்து மட்டம் சரி பார்த்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் வீடு கட்டுமுன் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு ஆற்று மணலோ சரளையோ கொட்டுவார்கள். அம்மா அதைச் சொன்னாள், நான் இங்கிலீஷில் சொன்னேன். பெரியவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அவருடைய மனைவியும் வெளியே வந்தார். இரண்டு கிழவிகளுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அம்மா முந்தானையை மடித்து மடி கட்டி, குனிந்து பருத்தி எடுப்பதுபோலக் காட்டினாள். அந்தம்மா சிரித்துவிட்டு, தோளில் நீளச் சாக்கை மாட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல இரண்டடி நடந்து காட்டினார். வெடித்த காயின் ஓடு விரல் நுனியைக் கிழிக்கும், பருத்தி எடுத்தவர்களுக்குத்தான் அது தெரியும். இருவரும் விரல்களை நீட்டிக் காட்டிக்கொண்டார்கள். நான் மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை. அம்மா திரும்பிப் போன பிறகும், இருந்த காலம் வரை, "அந்தப் பருத்திக்காரம்மா எப்படி இருக்கா?" என்று கேட்காமல் போனை வைக்க மாட்டாள்.

அதற்கப்புறம் ஊர் ஓடிய ஓட்டம் எல்லோருக்கும் தெரியும். 2014-ல் டொயோட்டா தன் அமெரிக்கத் தலைமையகத்தோடு பிளேனோவுக்கு வரப்போவதாகச் சொன்னது, 2017-ல் வந்தது. 2016-ல் டாலஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி தன் தலைமையகத்தை ஃபிரிஸ்கோவுக்கு மாற்றியது. 2022-ல் கோல்ஃப் சங்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கோதுமை அறுத்த வயலில் இப்போது மூன்று பல் மருத்துவமனைகளும் ஒரு கணக்கு டியூஷன் சென்டரும் இருக்கின்றன.

டோல் ரோட்டுக்குப் பக்கத்தில், கோடிக்கணக்கில் விலை போகும் இடத்தில் ஏழெட்டு மாடுகள் மேய்வதைப் பார்த்து முதலில் நெகிழ்ந்திருக்கிறேன். பெரியவர்தான் விளக்கினார். விவசாய நிலம் என்றால் சொத்து வரி மிகக் குறைவு. மாடு மேய்ந்தால், வைக்கோல் அறுத்தால் அது விவசாய நிலம். பல இடங்களில் மனை போடுகிற நாள் வரும்வரை அந்த மாடுகள் காவல் நிற்கின்றன. அவருடைய குடும்ப நிலமும் அப்படித்தான் போனது. "விற்றது நாங்கள்தான். யாரும் பிடுங்கவில்லை. வாங்கின பணத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள்" என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்.

எங்கள் வீட்டுக்கு ஐந்தாவது வருடமே விரிசல் வந்தது. ஆகஸ்ட் மாதம் படுக்கையறைக் கதவு சாத்தவில்லை, சன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு கோடு. கட்டிக் கொடுத்தவர்கள் அது சாதாரணம் என்று சொல்லி வண்ணம் பூசிவிட்டுப் போனார்கள். பெரியவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மண்ணுக்குத் தாகம்" என்றார். வீட்டைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளிக் கசிவுக் குழாய் போட்டு, கோடையில் மண் வெடிக்காதபடி ஒரே சீராகத் தண்ணீர் விடச் சொன்னார். புதிதாக வீடு வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சமையலறைக் கல் எந்த நிறம் என்பதெல்லாம் அப்புறம். மண் காய்ந்து சுருங்கினால் கான்கிரீட் தளம் ஒரு பக்கம் இறங்கும், பின்பு அடியில் தூண் இறக்கிச் சரி செய்ய ஆயிரக்கணக்கில் டாலர் போகும்.

2021 பிப்ரவரிக் குளிரை இங்கிருந்த யாரும் மறக்க மாட்டோம். டாலஸில் மைனஸ் 19 டிகிரி. விடிவதற்கு முன் போன மின்சாரம் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. எங்கள் புது வீட்டில் அடுப்பு, ஹீட்டர் எல்லாமே கரண்ட். மகளுக்கு எட்டு வயது, போர்வைக்குள்ளேயே பல் கிட்டிக்கொண்டது. பெரியவர் போன் செய்தார்: "இங்கே வாருங்கள். காரை மெதுவாக ஓட்டுங்கள்." அவருடைய பழைய வீட்டில் சுவரோரம் தீக்குச்சியால் பற்றவைக்கிற கேஸ் கணப்பு இருந்தது. அதன் முன்னால் மூன்று இரவு ஐந்து பேரும் படுத்தோம். நான் ரசப்பொடியும் அரிசியும் கொண்டுபோயிருந்தேன், அந்தம்மா பீன்ஸும் சோள ரொட்டியும் செய்தார். பெரியவர் ரசத்தைக் காபிக் கோப்பையில் ஊற்றி இரண்டு முறை வாங்கிக் குடித்தார். மாநிலத்தின் கணக்குப்படியே அந்தக் குளிரில் 246 பேர் செத்துப்போனார்கள். இவ்வளவு பெரிய ஊரில் எங்களுக்குக் கூப்பிட ஒரு வீடு இருந்தது.

எல்லாச் சந்திப்பும் இப்படி இல்லை. 2022 ஆகஸ்டில் பிளேனோவில் ஓர் உணவகத்துக்கு வெளியே நான்கு இந்தியப் பெண்களை ஒருத்தி திட்டித் தாக்கிய காணொளி நம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. போலீஸ் அவளைக் கைது செய்தது. ஆனாலும் சில வாரம் பொட்டு வைத்துக்கொண்டு தனியே கடைக்குப் போக மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் பக்கத்தில் வலிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி கொடுப்பது பற்றிய ஒரு பொதுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எழுபது வயது மனிதர் ஒருவர், தன் பேரப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் வீடு வாங்க வழியில்லை என்றார். அடுத்து எழுந்தவர் நம்மவர், வந்து ஐந்து வருடம்கூட இருக்காது. வாடகைக்காரர்கள் வந்தால் பள்ளிக்கூடம் கெடும், இனி யாரையும் விடக்கூடாது என்று பேசினார். எனக்கு முகம் சுட்டது. நான்கு வருடம் வாடகை வீட்டில் இருந்துதான் நானும் வந்தேன். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேரிடமும் பேச நினைத்தேன், பேசியது அந்த எழுபது வயது மனிதரிடம் மட்டும். நம்மவரிடம் போயிருக்க வேண்டும். அப்படிக் கதவைச் சாத்திக்கொண்ட பள்ளிக்கூடங்கள் நன்றாக இருக்கின்றனவா என்றால், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் எங்கள் பக்கம் மாணவர் எண்ணிக்கை குறைய ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடம் கட்டிக்கொண்டே இருந்த ஊரில் 2025-ல் ஒரு நடுநிலைப் பள்ளியை மூடினார்கள்.

இளம் குடும்பங்கள் இன்னும் வடக்கே போகின்றன. 2022-23 கணக்கில், இருபதாயிரம் பேருக்குக் குறையாத ஊர்களில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரம் செலைனா, ஒரே வருடத்தில் 26.6 சதவீதம். கிழக்கே பிரின்ஸ்டனில் தண்ணீரும் சாலையும் ஈடுகொடுக்க முடியாமல் 2024-ல் புது வீட்டு மனைகளுக்கே தற்காலிகத் தடை போட்டார்கள்.

பெரியவர் 2023-ல் இறந்துவிட்டார். வீட்டை விற்றார்கள். இடிக்கிற நாள் தெரிந்து போயிருந்தேன். மரச்சுவர்கள் ஒரு மணி நேரத்தில் விழுந்துவிட்டன. அடியில் ஊன்றியிருந்த கட்டைகளை இயந்திரம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது. எண்பது வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் இருந்த கட்டை, வெட்டுப்பட்ட இடத்தில் மஞ்சள் மாறாமல் இருந்தது. அந்த இடத்தில் இப்போது மூன்று மாடியில் ஒட்டினாற்போல நான்கு வீடுகள்.

அந்தம்மா மகன் வீட்டோடு ஷெர்மன் போய்விட்டார். இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரம். அங்கேயும் சிப் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, வீட்டைச் சுற்றி மறுபடியும் மண் தோண்டுகிறார்கள் என்றார். போன மாதம் பேசியபோது, உங்கள் அம்மாவின் காட்டில் இன்னும் பருத்தி போடுகிறார்களா என்று கேட்டார். பருத்தி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, பாதியில் மக்காச்சோளம், ரோட்டோரப் பாதியில் கல் ஊன்றி மனை போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"விற்றது யார்?" என்று கேட்டார்.

நாங்கள்தான் என்றேன். அதில் வந்த பணத்தில் ஒரு பகுதிதான் இந்த வீட்டுக்கு முன்பணம்.