செம்மையாக்குநரும் எழுத்தாளரும் கூடிப் பயில இங்கு வழி உண்டா?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பு, கல்லடியில் இருந்தவாறு எட்டு ஆண்டுகளாக நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தும் பிரதிகளைச் செம்மையாக்கியும் வருகிறேன். நூல் வெளியீட்டு விழாக்களுக்கு இங்கே குறைவில்லை, பொன்னாடைக்கும் குறைவில்லை. ஆனால், எழுதுபவரும் திருத்துபவரும் ஒரு பிரதியை நடுவில் வைத்துக்கொண்டு தொழிலைப் பற்றிப் பேசும் கூட்டமொன்றை நான் இன்னும் கண்டதில்லை.

அண்மையில் ஒரு சிறுகதைத் தொகுதியின் உரையாடலில் வந்த ‘மறுகா’ என்ற எங்கள் வழக்குச் சொல்லை ‘பிறகு’ என்று நான் திருத்திவிட, ஆசிரியர் மனம் நொந்துபோனார். நியாயம் அவர் பக்கமே. அதே தொகுதியைப் பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது ‘பௌர்ணமி’யில் ஔகாரக் குறியின் பின்பாதி தனி ளகர எழுத்தாகிவிட்டது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்ததால், அச்சொல்லைத் தேடி அது அகப்படாதபோதுதான் பிழை விளங்கியது. இவற்றையெல்லாம் தனியே தடுக்கி விழுந்தே கற்க வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலோ இணையவழியிலோ தமிழில் நடைபெறும் செம்மையாக்கப் பயிற்சிகள், எழுத்தாளர் சந்திப்புகள் பற்றி அறிந்தவர்கள் கட்டண விபரத்துடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கொழும்புக்கு இரவு பஸ் ஏறவும் தயங்கேன், ஆனால் மாதந்தோறும் இயலாது. அப்படி எதுவும் இல்லையெனில், மாதம் ஒரு ஞாயிறு கல்லடியிலோ கல்முனையிலோ கூட விரும்புவோர் எத்தனை பேர், வாடகையின்றி ஓர் அறை தரக்கூடியவர் எவரேனும் உளரா என்பதையும் அறியத் தாருங்கள். பக்கத்துக்கு எவ்வளவு கூலி கேட்பது என்பதையும் அங்கே கூச்சமின்றிப் பேசலாம்.