கார்ப்பெட்டுக்கு அடியில் துரு, என்ன பூசலாம்?

யாங்கூன் அண்ணன்மாரே, ஒரு யோசனை வேண்டும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழா அன்று கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டேன். என் பழைய டொயோட்டா புரோபாக்ஸ் காருக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு, மேலாகத் துடைத்ததோடு சரி.

இப்போது கதவைத் திறந்தாலே ஊறிய சாக்கு நாற்றம். நேற்று ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் இருக்கும் பஞ்சைப் பிழிந்தால் சொட்டுகிறது. தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்துரு. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், நல்லவேளை ஓட்டை இல்லை.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அப்புறம் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கலாம் என்றிருக்கிறேன். பழைய இஞ்சின் ஆயில் தடவினால் போதும் என்கிறார் மச்சான். உட்கார்ந்து போகிற இடத்தில் அந்த வாடையா? பிரைமருக்கு மேல் என்ன பூசுவது? பஞ்சை வெயிலில் போட்டு எடுத்தால் போதுமா, மாற்றிவிடணுமா? மே கடைசியில் மழை பிடித்துவிட்டால் எதுவும் காயாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.