தந்தைக்குக் கல்லீரல் தானம் வேண்டி உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெரியோர்களுக்கும் உடன்பிறப்புகளுக்கும் வணக்கம்.

கல்லீரல் சுருக்க நோய் முற்றிய நிலையில் இருக்கும் என் தந்தைக்கு மாற்று அறுவை சிகிச்சை ஒன்றே வழி என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது; முறை வரும்வரை உடல் தாங்குமோ என்ற அச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய இரத்தப் பிரிவு ஓ. ஆகவே பொதுவாக ஓ பிரிவினரின் கல்லீரலே பொருந்தும். பாசிட்டிவா நெகட்டிவா என்பது தடையில்லை. என் பிரிவு பி. தம்பியின் பிரிவு பொருந்தியும், கல்லீரலில் கொழுப்பு மிகுந்திருப்பதால் மருத்துவர்கள் ஏற்கவில்லை.

18 முதல் 50 வயதுக்குட்பட்ட, நல்ல உடல்நலமுள்ள ஓ பிரிவினர் எவரேனும் பரிசோதனைக்கு முன்வந்தால், அதற்கான செலவு முழுவதையும் நாங்களே ஏற்போம். கல்லீரலின் ஒரு பகுதியை மட்டுமே எடுப்பார்கள்; கொடுப்பவரின் கல்லீரல் சில மாதங்களில் மீண்டும் பெருமளவு வளர்ந்துவிடும் என்றாலும், இது ஆபத்தே இல்லாத அறுவை சிகிச்சை அன்று. வீட்டாருடன் கலந்து பேசியே முடிவெடுங்கள். எந்தக் கட்டத்திலும் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம், எங்களுக்கு வருத்தம் இராது.

1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, அத்தை மகன், மாமன் மகன் போன்றோர் கொடுப்பதானால் அங்கீகாரக் குழுவின் ஒப்புதல் தேவை. உறுப்புக்குப் பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றம். தயவுசெய்து இடைத்தரகர் எவரையும் பரிந்துரைக்க வேண்டாம்.

விருப்பமுள்ளவர்கள் என்னைத் தனியே அழைத்துப் பேசுங்கள்.